சாயல் காப்பு மன்றத்தின் ஐந்தாவது நாக்கு

எங்கள் பள்ளத்தாக்கில் ஒயின் செய்கிற குடும்பங்கள் மொத்தம் பதினேழு. அவற்றில் பதினாறுக்கு மன்றத்தின் மேல் பயம். பதினேழாவது அன்செல்மின் குடும்பம். அவன் பெரிய தைரியசாலி என்று நினைத்துவிட வேண்டாம். எதற்குப் பயப்பட வேண்டும் என்பது அவனுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை, அவ்வளவுதான். பிடிபட வைக்க நாங்கள் பதினாறு பேரும் எங்களால் ஆனதைச் செய்தோம்.

மன்றத்தை வெளியிலிருந்து யாரும் கொண்டுவந்து இறக்கவில்லை. வெர்னூஸ் பள்ளத்தாக்கு ஒயின் சாயல் காப்பு மன்றம் என்பது பத்து வருடம் முன்பு நாங்களே கை தூக்கி உண்டாக்கியது. தெற்கே ஏதோ ஒரு பெரிய ஆலை, மட்டமான ஒயினில் எங்கள் பள்ளத்தாக்கின் பெயரை ஒட்டி விற்கப்போகிறது என்று அப்போது ஒரு வதந்தி. பாட்டிலில் 'வெர்னூஸ்' என்று அச்சடிக்க வேண்டுமானால் உள்ளே இருப்பதில் வெர்னூஸின் சாயல் இருக்க வேண்டும், இருக்கிறதா என்று ருசித்துச் சொல்ல ஒரு மன்றம் வேண்டும் என்று முடிவு செய்தோம். அந்த ஆலை வரவே இல்லை. மன்றம் வந்துவிட்டது.

அதில் ருசி பார்க்கிறவர்கள் ஐந்து பேர். ஐவருமே ஒயின் செய்கிறவர்கள்தான். யாருடையது என்று தெரியாமல் ஒருவர் ஒயினை மற்றவர் ருசித்துக் குறை நிறை சொல்வது எங்கள் பக்கத்தில் பழைய வழக்கம். மன்றத்தின் விதிப் புத்தகத்தில் எங்களுக்கு நாக்கு என்று பெயர் வைத்தார்கள். முதல் நாக்கு, இரண்டாம் நாக்கு என்று வரிசை. ருசி பார்க்கும் நாளுக்கு மூன்று நாள் முன்பிருந்தே வெங்காயம், காபி, பற்பசை மூன்றும் விலக்கு. அன்று காலை ஐவரும் வரிசையில் நின்று நாக்கை நீட்ட வேண்டும். செயலாளர் டார்ச் அடித்துப் பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார். நான் ஐந்தாவது நாக்கு. என் பெயர் லியோன்ஸ், ஆனால் மன்றத்துக் கடிதங்களில் அந்தப் பெயரை நான் பார்த்ததில்லை. ஐந்தாவது நாக்குக்குக் கூடுதலாக ஒரு வேலை உண்டு. திரைக்குப் பின்னால் நின்று கிளாஸ்களில் ஊற்றுவதும், முடிந்ததும் அவற்றைக் கழுவி வைப்பதும்.

தலைவர் முசியே வெர்லாக். எங்கள் ஊர்க்காரர் இல்லை. பாலாடைக்கட்டியில் ஓட்டை எவ்வளவு பெரியதாக இருக்கலாம் என்று தீர்மானிக்கிற அலுவலகத்தில் இருபது வருடம் இருந்தவர். பதவியேற்ற அன்று நகராட்சிக் கூடத்தில் எழுந்து நின்று ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டுப் பேசினார். "நான் ஒயின் தொடறதில்லைங்க. வயித்துல புண்ணு. அதனாலதான் என் தீர்ப்புல யாரும் குறை சொல்ல முடியாது. ருசி தெரிஞ்சவன் எப்படியும் ஒரு பக்கமா சாஞ்சிடுவான். எனக்கு அந்த ஆபத்தே கிடையாது." நாங்கள் கைதட்டினோம். நான் கொஞ்சம் கூடுதலாகவே தட்டினேன்.

சாயல் என்றால் எதன் சாயல் என்று ஒரு அளவுகோல் வேண்டும் அல்லவா. அப்போதிருந்த பதினெட்டு வீட்டு ஒயினையும் கொஞ்சம் கொஞ்சம் கலந்து பன்னிரண்டு பாட்டிலில் அடைத்து, மூல ஒயின் என்று பெயரிட்டு, இரும்பு அலமாரியில் பூட்டினார்கள். வருடத்துக்கு ஒரு பாட்டில் திறப்பது, அதை முதலில் ருசித்து நாக்கைப் பழக்கிக்கொண்டு பிறகு மற்றவற்றுக்குத் தீர்ப்பு சொல்வது என்று ஏற்பாடு. எல்லாம் சரி, தக்கைகள் மட்டும் சரியில்லை. யாரோ இலவசமாகக் கொடுத்தது, மொத்தமும் பூஞ்சை பிடித்த சரக்கு. முதல் பாட்டிலைத் திறந்தபோதே அறை முழுக்க நாற்றம் பரவியது. மழையில் நனைந்த நாயைப் பழைய செய்தித்தாளில் சுற்றி வைத்தால் வருமே, அந்த நாற்றம். ஒயின் செய்கிறவன் வீட்டில் எட்டு வயதுப் பிள்ளைக்குக்கூட அது தெரியும். தக்கை கெட்டுவிட்டது என்பார்கள், தொட்டியில் கொட்டிவிட்டு வேறு பாட்டில் திறப்பார்கள்.

நாங்கள் வாய் திறப்பதற்குள் முசியே வெர்லாக் எழுந்துவிட்டார். கிளாஸை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினார். "இதாங்க வெர்னூஸ். ஈரக் கல்லோட கண்ணியம். நம்ம முன்னோர் மூச்சு. இத மூக்குல வாங்க முடியாதவங்க இந்த மண்ணுக்கே அந்நியம்" என்றார். முதல் நாக்கு தலையாட்டியது. மூன்றாம் நாக்கு வரை ஆட்டம் வந்தது. நான்காம் நாக்காக அப்போது இருந்தது அதெலின் என்ற பெண்மணி. கிளாஸைக் கீழே வைத்து, "தக்கை கெட்டிருக்குங்க" என்றாள். தலைவர் கோபப்படவே இல்லை. எழுத்தில் கொடுங்கள் என்று தன் பேனாவையே நீட்டினார். அவளும் எழுதிக் கொடுத்தாள். அடுத்து வந்த இரண்டு வருடங்களிலும் அவள் ஒயினில் சாயல் இல்லை. மூன்றாவதற்குக் காத்திராமல் கொடிகளை அவளே பிடுங்கிவிட்டாள். இப்போது அவள் நிலத்தில் திராட்சை கிடையாது. சுற்றுலாக்காரர்களுக்குக் கூடாரம் வாடகைக்கு விடுகிறாள். பதினோரு பச்சைக் கூடாரம், ஒரு குளியலறை.

அதன் பிறகு எங்களுக்குப் புத்தி வந்தது. மூல ஒயினைப் போல ஒயின் செய்வது அப்படியொன்றும் கஷ்டமில்லை. ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் பீப்பாயைக் கழுவி, காயவிடாமல் மூடி வைக்க வேண்டும். நிலவறையில் நனைந்த அட்டைப்பெட்டிகளை அடுக்க வேண்டும். காலம் காலமாக எதைச் செய்யக் கூடாது என்று சொல்லி வந்தோமோ அதையெல்லாம் செய்தால் போதும். நான்காவது வருடத்தில் பதினாறு வீட்டு ஒயினுக்கும் சாயல் வந்துவிட்டது. வாங்குகிறவர்கள் குறைந்தார்கள். பொதுமக்களின் மூக்குத் தரம் சரிந்து வருவதாக மன்றம் ஓர் அறிக்கை வெளியிட்டது. என் மனைவி ஜெர்மேன் எங்கள் வீட்டு ஒயினைச் சாப்பாட்டு மேசையில் வைப்பதை நிறுத்திவிட்டாள்.

அன்செல்ம் மட்டும் பீப்பாயைக் கொதிநீரில் கழுவி, கந்தகத் திரி கொளுத்திப் புகை காட்டி, வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தான். அவன் நிலம் பள்ளத்தாக்கின் வடக்குச் சரிவில், செம்மண்ணைப் படிபடியாக வெட்டிய இடத்தில் இருந்தது. டிராக்டர் ஏறாது. கப்பி கட்டிக் கயிற்றில் ஏர் இழுப்பான். ஐம்பத்தெட்டு வயதிலும் இழுத்தான். அந்தக் கொடிகளைத் தவிர அவனுக்கும் அவன் மனைவி ஒதெத்துக்கும் வேறு சொத்தோ தொழிலோ கிடையாது.

முதல் கடிதம் வந்தபோது அவன் என்னிடம்தான் எடுத்துக்கொண்டு வந்தான். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள் நாங்கள். 'குறை ஏதும் காணப்படவில்லை. ஆயினும் சாயல் இல்லை' என்று அதில் இருந்தது.

"லியோன்ஸ், குறை இல்லன்னா அப்புறம் எதுக்குடா பெயர் தர மாட்டேங்கறாங்க?"

"குறை இல்லாததுதான் பிரச்சனை."

"நீ குடிச்சியா? நீ என்ன எழுதின?"

நாக்குகள் வெளியே பேசக் கூடாது என்று விதி இருப்பதைச் சொன்னேன். அவன் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். பிறகு, அடுத்த வருடம் இன்னும் நன்றாகச் செய்கிறேன் என்றான்.

அவன் சொன்னபடியே செய்தான். இன்னும் நன்றாகச் செய்தான், இரண்டாவது முறையும் சாயல் இல்லை. இந்த முறை கடிதத்தோடு நிற்கவில்லை. ஒரு சாம்பல் நிறக் கார் அவன் வீட்டு வாசலில் வந்து நின்றது. மன்றத்தின் அதிகாரிகள் மூன்று பேர் இறங்கி நிலவறைக்குள் போய்ச் சுவரை முகர்ந்தார்கள், தரையை முகர்ந்தார்கள், ஒருவர் மண்டியிட்டு வடிகாலையும் முகர்ந்தார். 'அளவுக்கு மீறிய சுத்தம்' என்று எழுதிக்கொண்டார்கள். பிறகு ஒதெத்திடம் அவள் பிறந்த ஊரைக் கேட்டார்கள். அடுத்த பள்ளத்தாக்கு, எட்டு கிலோமீட்டர். வெளிப் பிரதேசத்தின் செல்வாக்கு நிலவறைக்குள் நுழைந்திருக்க இடமுண்டு என்று பெரியவர் மற்ற இருவரிடமும் சொன்னார். ஒதெத் அடுப்பில் உருளைக்கிழங்கையும் பாலாடைக்கட்டியையும் சேர்த்துக் கிளறிக்கொண்டிருந்தவள், கரண்டியை எடுக்காமலே திரும்பினாள். "எனக்குக் கல்யாணமாகி முப்பத்தொரு வருஷமாச்சு. இன்னும் எத்தன வருஷம் ஊறணும்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றாள். அதையும் எழுதிக்கொண்டு போனார்கள்.

மூன்றாவது மறுப்புக்குப் பிறகுதான் விதிப் புத்தகத்தின் நாற்பத்தொன்றாம் பிரிவு எங்களுக்குத் தெரிய வந்தது. நாங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்ட புத்தகம்தான், படிக்கவில்லை. மூன்று முறை சாயல் இல்லாது போன கொடிகள், எல்லைக்குள் ஒன்றுகூடப் பாக்கி இல்லாமல் வேரோடு அகற்றப்பட வேண்டும். பெயரே வேண்டாம், வெறும் சிவப்பு ஒயின் என்று விற்றுக்கொள்கிறேன் என்று அன்செல்ம் எழுதிக் கேட்டான். அதற்கு முசியே வெர்லாக் பொதுக்கூட்டத்தில் விளக்கம் சொன்னார். "அவர் மேல எனக்கு எந்தப் பகையும் இல்லைங்க. ஆனா மண்ணைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பக்கத்துல பக்கத்துல ரெண்டு விதமான கொடி நின்னா மண்ணு குழம்பிடும். எதப் போல இருக்கணும்னு அதுக்குத் தெரியாம போயிடும். மண்ணோட மன நிம்மதிக்கு நாமதானே பொறுப்பு?" கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. நான் சுற்றிலும் பார்த்தேன். எல்லோரும் என்னைப் போலவே, வேறு யாராவது சிரிக்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேல்முறையீட்டுக்கு ஜனவரியில் நாள் குறித்தார்கள். நாளுக்கு மூன்று நாள் முன்பே பொக்லைன் வந்துவிட்டது. சங்கிலிச் சக்கரத்தோடு கூடிய பெரிய ஆரஞ்சு நிற வண்டி, மாதா கோயிலுக்கு எதிரே மழையில் நின்றது. தீர்ப்பே இன்னும் வரவில்லையே என்று செயலாளரைக் கேட்டேன். ஒரு முன்னேற்பாடுதான், தீர்ப்பு எப்படி வேண்டுமானாலும் வரலாம் என்றார். அதன் டிரைவர் மத்தியானம் காபிக் கடையில் உட்கார்ந்து சூப்பும் ரொட்டியும் சாப்பிட்டான். நல்ல பையன், மரியாதையானவன். வடக்குச் சரிவுக்குப் போகிற பாதையில் உள்ள பாலம் எவ்வளவு எடை தாங்கும் என்று பக்கத்து மேசையில் கேட்டான். பக்கத்து மேசையில் இருந்தது அன்செல்ம். பன்னிரண்டு டன் என்று அவனே பதில் சொன்னான்.

அன்று வீட்டுக்குப் போனதும் ஒரு முடிவுக்கு வந்தேன். அன்செல்மைக் காப்பாற்ற எனக்குத் தெரிந்த ஒரே வழி, அவன் ஒயினை அந்த அறைக்குள் விடாமல் இருப்பதுதான். ஊற்றுகிறவன் நான். திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு நாக்குக்கும் வலதில் மூல ஒயின், இடதில் சோதிக்கிற ஒயின் என்று இரண்டு கிளாஸ். மூல ஒயின் பாட்டிலிலிருந்தே இரண்டையும் நிரப்பிவிட்டால், இரண்டும் ஒன்று என்று அவர்கள் நாக்கே சொல்லிவிடும். இதைவிட நேர்மையான மோசடியை நான் கேள்விப்பட்டதில்லை.

விசாரணை நாளன்று நாக்கை நீட்டிக் காட்டிவிட்டுத் திரைக்குப் பின்னால் போனேன். அன்செல்மின் மூன்று பாட்டில்கள் கறுப்புத் துணி சுற்றி முத்திரை வைத்து மேசையில் இருந்தன. யாருடையது என்று தெரியக் கூடாதாம். அன்றைக்கு விசாரணையில் இருந்ததே அந்த ஒரு ஒயின்தான். நிறம் தெரியாமலிருக்கக் கறுப்புக் கிளாஸ். முசியே வெர்லாக் தன் தண்ணீரைக் குடித்துவிட்டு ஆரம்பித்தார். "கிளாஸ் கறுப்பு, துணி கறுப்பு, திரையும் கறுப்பு. ஆள் யாருன்னு யாருக்கும் தெரியாது. அதனால முசியே அன்செல்ம் எந்தக் கவலையும் இல்லாம இருக்கலாம்."

சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அன்செல்ம் எழுந்தான். கோட்டும் டையும் போட்டிருந்தான். அவன் கல்யாணத்துக்குப் பிறகு டை கட்டி நான் பார்த்ததில்லை. தானும் ஒரு வாய் ருசித்துப் பார்க்கலாமா என்று கேட்டான். திரைக்குப் பின்னால் நான் ஊற்றுவதை நிறுத்தினேன். அவன் ஒரு வாய் குடித்தால் போதும், எல்லாம் வெளியே வந்துவிடும். தன் சொந்த ஒயினை ருசிக்கிறவனுக்கு நடுநிலை இருக்காது என்று சொல்லி அவனை உட்கார வைத்தார்கள். எனக்கு உயிர் வந்தது.

ஐந்து பேருக்கு ஐந்து ஜோடி கிளாஸ். வலதில் மூல ஒயின், இடதிலும் மூல ஒயின். முதல் நாக்கு வலதை முகர்ந்து கண்ணை மூடியது. இடதை முகர்ந்து முகம் சுளித்தது. "சுத்தமா இருக்கு. சோப்பு போட்டுக் கழுவின மாதிரி. சாயல் இல்லை." இரண்டாம் நாக்கு என் ஒன்றுவிட்ட தம்பி உபேர். வலதில் முன்னோரின் மூச்சு இருப்பதாகவும் இடதில் வெளியூர் வாடை அடிப்பதாகவும் சொன்னான். மூன்றாம் நாக்கு இடது கிளாஸை முகர்ந்தே பார்க்கவில்லை, கையில் எடுத்து எடை பார்ப்பதுபோல் வைத்திருந்துவிட்டு இல்லை என்றது. நான்காவதும் அப்படியே.

என் முறை வந்தது. இரண்டு கிளாஸிலும் அதே நனைந்த நாய்தான். நான்தான் ஊற்றினேன், எனக்குத் தெரியாதா? 'இரண்டும் ஒன்று' என்று சொல்ல ஒரு நொடி போதும். முசியே வெர்லாக் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். மேசைமேல் அவருடைய பேனா மூடி திறந்து இருந்தது. அடுத்த வாரம் என் வீட்டு ஒயினுக்குத் தீர்ப்பு நாள். அதெலினின் பச்சைக் கூடாரங்கள் எண்ணிக்கை மாறாமல் என் கண்முன் வரிசையாக நின்றன.

"சாயல் இல்லை" என்றேன்.

அன்செல்ம் எழுந்து எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டுப் போனான். எதற்கு நன்றி என்று அவனுக்குத் தெரிந்திருக்காது. மரியாதைக்குச் சொன்னான். நான் கிளாஸ்களைக் கழுவினேன். முத்திரை உடைக்காத அவனுடைய மூன்று பாட்டில்களையும் அங்கே விட்டுவைத்தால் கேள்வி வரும் என்று துணியோடு என் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துவந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஜெர்மேன் பூண்டு செருகி ஆட்டுத்தொடை சுட்டிருந்தாள். ஒரு பாட்டிலைத் திறந்தேன். மிளகு வாசனை, கறுப்புத் திராட்சை, அந்தச் செம்மண், எல்லாம் கிளாஸுக்குள் வந்து நின்றன. மூல ஒயினுக்குப் பிறகே எதையும் ருசித்துப் பழகி, வெர்னூஸ் ஒயின் எப்படி இருக்கும் என்பதை நான் மறந்துபோயிருந்தேன். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடேயே இரண்டாவது கிளாஸ் ஊற்றிக்கொண்டேன். மூன்று பாட்டிலையும் முடித்தபோது ஜெர்மேன் அழுதாள். யாருடையது என்று அவள் கேட்கவில்லை.

திங்களன்று எனக்கு ஒரு கடிதம் வந்தது. வருடத்துக்கு ஒன்று போக, விசாரணைகளுக்கும் திறந்து திறந்து, மூல ஒயினின் கடைசிப் பாட்டிலும் அன்று தீர்ந்துவிட்டதாம். என் வீட்டு ஒயின்தான் அதற்கு மிக நெருங்கியது என்று மன்றம் ஒருமனதாகக் கண்டிருக்கிறது. இனிமேல் பள்ளத்தாக்கு முழுவதற்கும் அதுவே மூல ஒயின். இன்னொரு தாளும் உடன் இருந்தது. வடக்குச் சரிவில் கொடிகளை அகற்றும்போது ஒரு நாக்கு சாட்சியாக நிற்க வேண்டும், அது ஐந்தாவது நாக்கின் பொறுப்பு.

பிப்ரவரி ஏழாம் தேதி காலை எட்டு மணிக்குப் போனேன். பொக்லைன் மேலே ஏறி முதல் படியில் நின்றது. டிரைவர் கீழே இறங்கிச் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். அன்செல்ம் ஒரு கொடி விடாமல் எல்லாவற்றையும் கவாத்து செய்து, கம்பியில் கட்டி, தயாராக வைத்திருந்தான். எதற்கு இதைச் செய்தாய் என்று கேட்டேன். ஜனவரியில் வேறு என்ன செய்வது என்றான். ஒதெத் அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். எட்டு கிலோமீட்டர்.

இரண்டு பேரும் கல் சுவரில் சாய்ந்து நின்றோம். அவன், "அன்னிக்கு நீயும் குடிச்ச. எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு லியோன்ஸ். என் ஒயின்ல அப்படி என்னதான் இல்ல?" என்றான்.

அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திரை, ஒரே பாட்டில், இரண்டு கிளாஸ். அவன் மெதுவாகத்தான் புரிந்துகொண்டான்.

"அப்ப என்னோடத அங்க யாருமே வாயில வைக்கலையா?"

"வைக்கல."

"என்னோடது எங்க போச்சு?"

"நானும் ஜெர்மேனும் குடிச்சிட்டோம். ஞாயித்துக்கிழமை. ஆட்டுத்தொடை செஞ்சிருந்தா."

டிரைவர் சிகரெட்டை மிதித்து அணைத்துவிட்டு வண்டியில் ஏறினான். அன்செல்ம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டான்.

"நல்லா இருந்துச்சுடா. பத்து வருஷத்துல அப்படி ஒண்ணு நான் குடிச்சதில்ல."

அவன் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். நிஜமாகவே தெரியாமல் கேட்கிறவனைப் போலத்தான் கேட்டான்.

"இத அங்க சொல்லியிருக்கலாமே."

பொக்லைன் உறுமிக்கொண்டு முதல் வரிசையில் இறங்கியது. நான் சொன்ன பதில் அவன் காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் அவனுக்குப் புதிதாக ஒன்றும் தெரிந்திருக்காது. "நாலு பேர் எதிர்ல எப்படிடா சொல்றது?" என்றுதான் சொன்னேன்.